போன் பையில், கண் பாதையில்: அறிவுசார் குறைபாடுள்ள வளரிளம் பிள்ளைகளின் தடுமாற்றத்தைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி. பதினாறு வயதுப் பையன் போனைப் பார்த்தபடியே படியிறங்கி வந்தான். இரண்டு மாடி சரியாக இறங்கியவன் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் காலை வைத்துவிட்டான். முட்டி கிழிந்தது, பல் உதட்டில் குத்தியது. நான் போனபோது அவன் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "மேடம், சும்மா நடந்தா நல்லாத்தான் நடக்குறான். போன் கைல இருந்தாதான் இப்படி. புடுங்கி வெச்சிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். அதற்கான காரணத்தையும், பிடுங்காமல் செய்ய வேண்டியதையும் வடசென்னையில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இங்கே முழுதாக எழுதுகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் வீடுகளின் அளவை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெரிய ஹால் தேவையில்லை. ஒரு சுவர், ஒரு நாற்காலி, பத்தடி தரை போதும்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. ஒன்று கண். இரண்டாவது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் உள்காது. மூன்றாவது, உள்ளங்கால், கணுக்கால், முட்டி, இடுப்பு ஆகியவற்றின் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு. மூளை இந்த மூன்றையும் நொடிக்கு நொடி சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்கு உத்தரவு கொடுக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகள் பலருக்கு இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலை மெதுவாக நடக்கும். டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) உள்ள பிள்ளைகளுக்குத் தசை தளர்வாகவும் மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் நெகிழ்வாகவும் இருப்பதால், கால்களிலிருந்து வரும் தகவலும் தெளிவாக இருக்காது.

இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள், நடக்கிறார்கள். இதை நான் தினமும் பார்க்கிறேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் உடனே சுவரைத் தேடுவார்கள். அந்தக் கண்ணைத்தான் போன் எடுத்துக்கொள்கிறது. போனால் அவனுக்குப் புதிதாகத் தடுமாற்ற நோய் வந்துவிடவில்லை. ஏற்கெனவே பலவீனமாக இருந்த மூன்று கால் முக்காலியில், நன்றாக இருந்த காலை அது நகர்த்திவிடுகிறது.

கவனமும் பங்கு போகிறது. நடந்துகொண்டே இன்னொரு வேலை செய்தால் எல்லோருக்கும் நடை கொஞ்சம் மாறும். நாம் தெரியாமலேயே வேகத்தைக் குறைத்துச் சமாளிப்போம். இந்தப் பிள்ளைகளில் சிலர் வேகத்தைக் குறைக்கவே மாட்டார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

கழுத்தையும் பாருங்கள். வளர்ந்தவர்களின் தலை ஏறக்குறைய 5 கிலோ. போனைப் பார்க்க அதை 60 டிகிரி குனிந்தால் கழுத்து எலும்புகளில் இறங்கும் சுமை 27 கிலோ வரை போகும் என்று 2014இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கியவர்களுக்கு அந்த எடை தெரியும். தலை முன்னால் போனால் உடலின் பாரமும் முன்னால் போகும். ஒரு சின்னக் கல் தடுக்கினாலும் சரிக்கட்ட இடமிருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, மணிக்கணக்காக உட்கார்ந்தே போகும் பொழுது. தெருவில் ஓடி, குதித்து, விழுந்து, எழுந்துதான் உடல் சமநிலையைக் கற்கிறது. பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். வயதுக்கு வந்ததும் பாதுகாப்புக் கருதி வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். அந்த அறையில் அவளுக்கிருக்கும் ஒரே ஜன்னல் போன்தான். அதனால்தான் பிடுங்காதீர்கள் என்கிறேன். பிடுங்கினால் அவளுக்குத் துணை போய்விடும், ஆனால் கால் பலம் கூடிவிடாது.

முதல் படி: வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கண் பரிசோதனை செய்து எத்தனை வருடம் ஆகிறது? காது சரியாகக் கேட்கிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் வடிகிறதா? கண்ணாடி போட்டவுடனேயே பாதித் தடுமாற்றம் நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையா? அந்த மாத்திரைகளில் சிலவற்றின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டால் தள்ளாட்டம் வரும். பெனிட்டாய்ன் அதற்கு நல்ல உதாரணம். குடித்தவர் போல நடப்பார்கள், கண் தானாக ஆடும், பேச்சு குழறும். திடீரென்று அப்படி ஆனால் போன் மேல் பழி போடாமல் டாக்டரிடம் போங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மோசமாகத் திரும்பும்.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு குறைவாக இருக்கும். நன்றாக நடந்த பிள்ளை காலை இழுத்து நடக்கத் தொடங்கினாலோ, கழுத்து வலி என்றாலோ, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்தாலோ, கை பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலின் போன்றவை மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். நாள் முழுக்கக் குனிந்தே போன் பார்ப்பதும் அந்தக் கழுத்துக்கு நல்லதல்ல.

இரண்டாம் படி: வீட்டிலேயே அளந்து எழுதுங்கள்

அளக்காமல் தொடங்கினால் ஒரே மாதத்தில் சலித்துவிடும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று அளவுகள் போதும். மூன்றையும் செருப்பில்லாமல், வயிறு நிறைந்திருக்காத நேரத்தில், பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது எடுங்கள்.

ஒற்றைக்கால் நிலை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்க வையுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு காலைத் தூக்கியதும் நேரத்தை எண்ணத் தொடங்கி, தூக்கிய கால் தரையைத் தொட்டாலோ கை சுவரைப் பிடித்தாலோ நிறுத்துங்கள். வலது மூன்று முறை, இடது மூன்று முறை. ஒவ்வொரு காலிலும் அதிகபட்சமாக நின்ற நேரத்தை எழுதுங்கள். குறைபாடில்லாத பதின்வயதினர் அரை நிமிடம் எளிதாக நிற்பார்கள். உங்கள் பிள்ளை மூன்று நொடி நின்றால் அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நாம் ஒப்பிடப்போவது அவனுடைய மூன்றை அவனுடைய ஐந்தோடு மட்டும்தான்.

எழுந்து நடந்து திரும்பி வருவது. நாற்காலியில் உட்கார வைத்து அங்கிருந்து 3 மீட்டரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். இரண்டடி டைல்ஸ் போட்ட வீடென்றால் ஐந்து டைல்ஸ் எண்ணினால் சரியாக இருக்கும். எழுந்து, நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்காரும்வரை எத்தனை நொடி? திரும்பும் இடத்தை உற்றுப் பாருங்கள், தடுமாற்றம் அங்கேதான் முதலில் தெரியும்.

எட்டும் தூரம். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நிற்க வைத்துக் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்லுங்கள். விரல் நுனி இருக்குமிடத்தில் சுவரில் ஒரு குறி. காலை நகர்த்தாமல் முடிந்தவரை முன்னால் எட்டினால் அங்கே இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர்? "எட்டு" என்றால் புரியாத பிள்ளைக்கு முன்னால் ஒரு பிஸ்கெட்டைக் காட்டித் தொடச் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றையும் முதலில் நீங்கள் செய்து காட்டி, இரண்டு முறை பழக விட்ட பிறகே எழுதுங்கள். சொன்னது புரியாமல் செய்யாததை நிற்க முடியவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

பிறகு நாற்காலி நடையை இன்னொரு முறை எடுங்கள். இந்தமுறை அவனுக்குப் பிடித்த வீடியோ ஓடும் போன் கையில் இருக்கட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நடங்கள். இரண்டு நேரத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத் தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசியும் நம்பாத அப்பாக்கள் இந்த அரை நிமிடத்தில் நம்பியிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு விதி

நடக்கும்போது போன் பையில். இதற்கு மேல் விதி வேண்டாம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு "பார்த்து நட", "ரொம்ப நேரம் பாக்காத", "ரோட்டுல ஜாக்கிரதை" என்பதெல்லாம் காற்றில் போகும். எவ்வளவு நேரம் ரொம்ப நேரம்? எதுவரை ரோடு? எப்போதும் ஒன்றாகவே இருக்கும், கண்ணால் பார்க்க முடிகிற விதிதான் பதியும். இடுப்பில் கட்டும் ஜிப் பை ஒன்று வாங்குங்கள். கால் நகர்ந்தால் போன் உள்ளே போகும், ஜிப் மூடும். பார்க்க வேண்டுமா? ஓரமாக நின்று, முதுகைச் சுவரில் சாய்த்து, பிறகு திற.

வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். அம்மா "பையில வைடா" என்றும் அப்பா "போனை மூடு" என்றும் பாட்டி "கண்ணு, கீழ பாரு" என்றும் சொன்னால் அவனுக்கு அது மூன்று விதி. ஸ்கூல் ஆட்டோ ஓட்டும் அண்ணனுக்கும் அதே வார்த்தையைச் சொல்லிக் கொடுங்கள். ரொம்ப முக்கியம், நீங்களும் போனைப் பையில் வைத்துவிட்டு நடக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பது அதிகம்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனாலும் விதி விதிதான். இரண்டாம் வாரம் மாடிப்படி. நம் பக்கத்துப் பழைய குடியிருப்புகளில் ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் உயரம் ஒன்றாக இருக்காது, விளக்கும் இருக்காது. கடைசிப் படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு அடியுங்கள். மூன்றாம் வாரம் தெரு. டி.எச். ரோடு மாதிரி இடங்களில் கடைப் பலகை, பைக், உடைந்த சிலாப் எல்லாம் நடைபாதையிலேயே கிடக்கும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் வேறு. ரயில்வே கேட், பிளாட்பாரம் ஆகிய இடங்களுக்கு விதி முழுதாகப் பழகும்வரை கையைப் பிடித்துக்கொண்டே கூட்டிப் போங்கள். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம், பின்னால் வரும் வண்டியை அவனுக்குச் சொல்வது காதுதான்.

நான்காம் படி: பார்க்கும் விதத்தை மாற்றுங்கள்

கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டோ, மூலையில் சுருண்டு உட்கார்ந்தோ பார்க்கும் பழக்கத்தை முதலில் மாற்றுங்கள். போனைக் கையில் கொடுக்காமல் கண் உயரத்தில் ஷெல்பில் வையுங்கள். அரிசி டப்பா மேல் ஒரு ஸ்டாண்ட் வைத்தாலும் போதும். உள்ளங்கால் இரண்டும் தரையில் படும்படி முக்காலியில் உட்கார வையுங்கள். முக்காலியில் முதுகுச் சாய்வு இல்லாததால் உட்கார்ந்திருப்பதே இடுப்புக்கும் வயிற்றுக்கும் வேலையாகிவிடும். களைத்தால் சாய்ந்துகொள்ளட்டும், அதில் கடுமை வேண்டாம். படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் வேறு அறையில் சார்ஜுக்குப் போய்விடட்டும். தூக்கம் குறைந்த மறுநாள் தடுமாற்றம் கூடும்.

ஐந்தாம் படி: நிறுத்துவது

பெரும்பாலான வீடுகளில் சண்டை தொடங்குவது இங்கேதான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது நேரத்தை உணராத பிள்ளைக்கு அர்த்தமில்லாத சொல். "இந்தப் பாட்டு முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள். பாட்டு எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியும். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தப் பிள்ளைக்கும் முடிவு என்பதே தெரியாது. ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் போட்டு நேரம் குறித்துவிட்டால் நேரம் முடிந்ததும் போனே பூட்டிக்கொள்ளும். அப்போது கோபம் அம்மா மேல் வராது.

ஒரு அட்டையில் இரண்டு படம் ஒட்டுங்கள். இடப்பக்கம் பந்து, வலப்பக்கம் போன். முதலில் இது, அப்புறம் அது. பயிற்சி முடித்தவுடன் போன் கட்டாயம் கிடைக்க வேண்டும். ஒருமுறை ஏமாற்றினாலும் அட்டை செல்லாக்காசாகிவிடும். கத்தி, தலையை முட்டிக்கொண்டு அழுதால் அந்த நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள். பக்கத்திலிருக்கும் கூரான பொருட்களை நகர்த்திவிட்டு, அமைதியாக, குறைவான வார்த்தைகளோடு காத்திருங்கள். அழுததற்காகப் போனையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். முதல் பத்து நாள் கடினம்தான், தாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.

ஆறாம் படி: இருபது நிமிடப் பயிற்சி

உடற்குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர்களையும் சேர்த்து, 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கமும், வாரம் 3 நாள் தசையை வலுவாக்கும் வேலையும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 60 நிமிடத்தை நினைத்து மலைக்க வேண்டாம். இருபதில் தொடங்குங்கள். வாரம் ஐந்து நாள், பன்னிரண்டு வாரம்.

முதல் நான்கு வாரம் கால் பலம். முக்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது பத்து முறை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது பத்து முறை. ஒரே படியில் ஏறி இறங்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து. எண்ண வராத பிள்ளைக்குப் பத்துப் புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் வைத்து, ஒவ்வொரு முறைக்கும் ஒன்றை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

அடுத்த நான்கு வாரம் நிலை. டைல்ஸ் இணைப்புக் கோட்டில் ஒரு காலின் பெருவிரலை ஒட்டி மறு காலின் குதிகாலை வைத்து நடப்பது. வாசலில் கோலப்புள்ளி மாதிரி சாக்பீஸ் புள்ளி வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கால் வைப்பது. பாண்டிக் கட்டம் போட்டால் தெருப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொள்வார்கள், அது நூறு பயிற்சிக்குச் சமம். ஒற்றைக்கால் முடியாவிட்டால் ஒரு காலைச் செங்கல் மேல் வைத்து நிற்கச் சொல்லுங்கள், அது பாதி ஒற்றைக்கால்.

கடைசி நான்கு வாரம் கண்ணை விடுவிப்பது. சுவர் மூலையில் முதுகு, முன்னால் நாற்காலி என்று பாதுகாப்பு வைத்துவிட்டு, நாலாக மடித்த பாய் மேலோ தலையணை மேலோ நிற்க வையுங்கள். அப்படியே நின்று பந்தைப் பிடித்து எறியட்டும். பந்தைப் பார்க்கும் கண் தரையைப் பார்க்காது, கால் தானாக வேலையைக் கற்கும். பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துப் பத்தடி நடப்பதும், அதையே மறு இடுப்பில் செய்வதும் நல்ல பயிற்சி. கண்ணை மூடி நிற்பதை நீங்கள் பிடிக்கத் தயாராக நிற்கும்போது மட்டும், ஐந்து நொடிக்கு மேல் போகாமல் செய்யுங்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தலையணையும் கண் மூடலும் டாக்டரைக் கேட்ட பிறகே.

கேரம் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. நம் பக்கத்தில் தெருவுக்கொரு கேரம் போர்டு இருக்கிறது. போர்டை ஸ்டாண்டில் வைத்து நின்றபடி விளையாட விடுங்கள். எதிர் மூலைப் பாக்கெட்டில் விழுந்த காயை எட்டி எடுக்கும்போது உடல் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போய்த் திரும்புகிறது. நீங்கள் வீட்டில் அளந்த அதே எட்டும் தூரம்தான் அது. காய் அடிக்க வராத பிள்ளை காய் எடுத்து அடுக்கும் வேலை செய்யட்டும். தெருப் பையன்கள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு "தம்பி, அந்தக் காயை எடு" என்று கேட்கும் நாளிலிருந்து போன் நேரம் தானாகக் குறைந்ததைக் கொருக்குப்பேட்டையில் கண்ணால் பார்த்தேன்.

கானாப் பாட்டு போட்டு, தாளத்துக்கு ஒரு காலில் மாறி மாறி ஆடுவதும் அவ்வளவு நல்லது. பெண் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே இது முடியும். கடற்கரை மணல் அருமையான தரைதான், ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை பல இடங்களில் கரையெல்லாம் பாறை கொட்டியிருக்கிறது. மணல் உள்ள இடத்தில், தண்ணீரிலிருந்து தள்ளி, காலை நேரத்தில் நடக்க வையுங்கள். பாறை மேல் ஏற விடாதீர்கள்.

ஏழாம் படி: போனையே வேலைக்கு வையுங்கள்

பிள்ளை ஒரு பயிற்சியைச் சரியாகச் செய்யும்போது முப்பது நொடி வீடியோ எடுங்கள். மறுநாள் தொடங்கும் முன் அதையே போட்டுக் காட்டுங்கள். திரையில் தன்னைப் பார்த்ததும் வரும் சிரிப்பே அவனை எழுந்து நிற்க வைக்கும். மாதம் ஒருமுறை நடையை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்து வைத்துக்கொண்டால், மருத்துவமனையில் அவன் நடக்க மறுத்தாலும் எங்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்குப் பெறலாம். வீட்டை விட்டு வர முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பகுதி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

மழைக்காலம், மறு அளவு

ஐப்பசி, கார்த்திகையில் நம் தெருக்களில் தண்ணீர் நிற்கும், மொட்டை மாடி பாசி பிடித்து வழுக்கும். அந்த நாட்களில் எல்லாவற்றையும் ஹாலுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் ஒரு கட்டம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை நோட்டை எடுத்து அதே சுவர், அதே நாற்காலி, அதே கோட்டில் மறுபடி அளங்கள். கூடவே அந்த மாதம் எத்தனை முறை விழுந்தான், எங்கே, அப்போது கையில் என்ன இருந்தது என்று ஒரு வரி. எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண் நகரவில்லை என்றாலோ, முன்னைவிடக் குறைந்தாலோ, நோட்டையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். அந்த மூன்றாம் மாடிப் பையன் பன்னிரண்டாம் வாரத்தில் வலது காலில் ஒன்பது நொடி நின்றான், இடது காலில் ஆறு. இப்போது படியிறங்கும் முன் அவனே ஜிப்பை இழுத்து மூடுகிறான். மஞ்சள் கோடு வந்ததும் நின்று, குனிந்து பார்த்து, "கடைசி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறான்.